படத்தில் வந்த அப்பா

மோய் கின்சாங்குக்குப் படம் பார்க்கிற பழக்கம் கிடையாது. பாஸ்டன் சைனா டவுனில் ஒரே உணவகத்தின் அடுப்படியில் நின்றே தலை நரைத்தவர் அவர். இருட்டில் சும்மா உட்காரச் சொன்னால் தூங்கிவிடுவார், அதுவும் குறட்டையோடு. அப்படிப்பட்ட மனிதர் அந்த வசந்த காலத்தில், ஒரு வேலை நாளின் பகல் காட்சிக்கு, முகச்சவரம் செய்து, பெட்டியில் இருந்த நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். படம் அவருடைய மகனின் கதை என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

ஊர் என்றால் முக்கால்வாசி லாவ் அம்மாள்தான். தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்து ஓய்வு பெற்ற விதவை. கை ஓய்வு பெற்றதே தவிர வாய் பெறவில்லை. "மோய் அண்ணே" என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் காலை வாருவார்.

"மோய் அண்ணே, ரயில் நிலையத்துச் சுவரெல்லாம் உங்க பையன் படந்தான் ஒட்டியிருக்கான். பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அது ரஸல் இல்ல. மஞ்ச முடி வெச்சிருக்கான்."

"இந்த ஊர்க் குளிர்ல முடி வெளுக்காம என்ன செய்யும்? மூக்குங்கூட கொஞ்சம் வளர்ந்திருக்கு. நல்ல சாப்பாடு போல."

கிண்டலில் நியாயம் இருந்தது. ரஸலும் அவன் கூட்டாளிகளும் ஏறக்குறைய எல்லாருமே சீன வீட்டுப் பிள்ளைகள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியில் கணக்குப் படித்தவர்கள். படத்தில் ஒரே ஒரு சீனப் பையன்தான் இருந்தான். பசிக்கிறது பசிக்கிறது என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பது அவன் வேலை.

அந்தப் பிள்ளைகள் செய்தது இவ்வளவுதான். கேசினோ என்கிற சூதாட்ட விடுதியில், பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில் ஒரு பெண் உட்கார்ந்து, சின்னதாகப் பணம் வைத்து ஆடிக்கொண்டே, பெரிய சீட்டு எத்தனை போயிற்று, சின்னச் சீட்டு எத்தனை போயிற்று என்று மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பாள். மிச்சமிருக்கும் சீட்டுக்கட்டில் பெரிய சீட்டு அதிகம் என்று தெரிந்ததும் கையைக் கட்டிக்கொள்வாள், அதுதான் சைகை. எங்கோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ரஸல், பணத்திமிர் பிடித்த ஒரு சீமான் வீட்டுப் பிள்ளையாக அங்கே வந்து உட்கார்ந்து பெரிதாகக் கட்டுவான். இருவரும் ஒருவரையொருவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை என்பதுபோல நடந்துகொள்ள வேண்டும். அதுதான் முதல் விதி. இது குற்றமும் இல்லை. கண்டுபிடித்தால் கேசினோக்காரர்கள் இனிமேல் வராதே என்று சொல்லி அனுப்புவார்கள், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் இறால் உரிப்பதைவிடச் சலிப்பான வேலை. அதை அப்படியே எடுத்தால் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? அதனால் படம் எடுத்தவர்கள் கனெக்டிகட் காட்டுக்குள் இருந்த கேசினோவை நெவாடாப் பாலைவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கார் துரத்தல் வைத்தார்கள். மேலே "உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது" என்று ஒரு வரி போட்டுக்கொண்டார்கள்.

கின்சாங்குக்கு அடுப்படி ஆங்கிலம்தான் தெரியும். லாவ் அம்மாள் காதோரம் மொழிபெயர்த்தார். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசியது முன்வரிசைக்கும் கேட்டது.

"இப்ப ரஸல் நீச்சல் குளத்துல குதிக்கறான்."

"அவனுக்கு நீச்சல் தெரியாதே."

"படத்துல தெரியும். சும்மா பாருங்க."

பாதிப் படம் தாண்டியதும் அந்தக் காட்சி வந்தது. மஞ்சள் முடிக் கதாநாயகன் மேசையில் உட்கார்ந்து ஜெயித்துக்கொண்டிருக்கிறான். கூட்டத்துக்குள்ளிருந்து கட்டம் போட்ட சட்டையும் கையில் பீர் பாட்டிலுமாக ஒருவன் தள்ளாடி வருகிறான். கதாநாயகனின் முதுகில் ஓங்கி அறைந்து, கேசினோ முழுக்கக் கேட்கும்படி கத்துகிறான். லாவ் அம்மாள் வழக்கம்போல மொழிபெயர்த்தார். "இவன் என் மகன்தான்யா, காலேஜுல கணக்குல இவந்தான் மொதல் ஆளு, அப்படிங்கறான்." மேசையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வேஷம் கலைகிறது. காவலாளிகள் மகனை நிலவறைக்கு இழுத்துப்போய் முகத்தில் ரத்தம் வர அடிக்கிறார்கள். அப்பன் மேலே நின்று இன்னொரு பீர் கேட்கிறான்.

லாவ் அம்மாள் பாதியில் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டார்.

வெளியே வந்ததும் அவரே கேட்டார். "படம் எப்படிண்ணே?"

"சோளப்பொரி நல்லா இருந்துச்சு" என்றார் கின்சாங்.

லாவ் அம்மாளுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். கேசினோவில் அந்த அப்பன் மகனின் முதுகைத் தொட்டது கற்பனை இல்லை. தொட்டவர் கின்சாங்தான்.

பதினான்கு வருடத்துக்கு முந்தைய கதை. கின்சாங் அப்போது வேலையில் இருந்தார். வாரத்தில் செவ்வாய் மட்டும் ஓய்வு. அன்றைக்குச் சைனா டவுனிலிருந்து கேசினோவுக்குப் பேருந்து போகும். ஏறுகிறவர்களுக்கு ஆடுவதற்கு ஒரு கூப்பனும் சாப்பாட்டுக்கு ஒரு கூப்பனும் கொடுப்பார்கள். பாதிப் பேர் ஆடவே மாட்டார்கள். ஆட்டக் கூப்பனை வேறு யாருக்காவது தள்ளிவிட்டு, சாப்பிட்டு, நாற்காலியில் ஒரு தூக்கம் போட்டுத் திரும்புவார்கள். கின்சாங் பெரிய சூதாடி ஒன்றும் இல்லை. ஆறு நாள் ஊருக்குச் சமைத்துப் போடுகிறவருக்கு ஒரு நாளாவது யாராவது சமைத்து வைத்ததை உட்கார்ந்து சாப்பிட வேண்டும், யாராவது "சார்" என்று கூப்பிட வேண்டும். அந்த ஆசைதான்.

பிளாக்ஜாக் பக்கம் அவர் போவதே இல்லை. ஒருமுறை போய் அவமானப்பட்டிருக்கிறார். ஆடிக்கொண்டிருக்கும்போது பணிப்பெண் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சீனர்களின் வழக்கப்படி, நன்றி என்று மேசையில் இரண்டு விரலால் தட்டினார். அந்த மேசையில் தட்டினால் இன்னொரு சீட்டு போடு என்று அர்த்தமாம். சீட்டு விழுந்தது, கட்டிய பணம் போயிற்று. தேநீருக்கு மரியாதை காட்டித் தோற்ற மனிதர் இந்தப் பூமியில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்குப் பழுது பார்க்கிறார்கள் என்று பிளாக்ஜாக் மேசைகள் வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள். அங்கேதான் மகனைப் பார்த்தார். பட்டுச் சட்டை, தங்கக் கடிகாரம், வாயில் பற்றவைக்காத சுருட்டு. நூலகத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பதாக வீட்டில் சொல்லியிருந்தவன். கின்சாங்குக்குக் கோபம் வரவில்லை. தன் பிள்ளை இவ்வளவு அழகாக இருக்கிறானே என்றுதான் முதலில் தோன்றியது. யோசிக்காமல் முதுகைத் தொட்டு, வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னார்.

"ஆ-லுன், நீயா?"

ரஸல் திரும்பினான். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவன் அன்றைக்குச் சிங்கப்பூர்க் கப்பல் முதலாளி ஒருவரின் மகன். மேசைகளை மேற்பார்வை செய்கிற கோட்டுக்காரர் உடனே அருகில் வந்து, "இவர உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றான் ரஸல்.

கின்சாங் அந்த முகத்தைப் பார்த்தார். எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சீனப் பெண் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை, அதையும் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் கையை எடுத்துக்கொண்டு, தலையைச் சொறிந்து, கோட்டுக்காரரிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "மன்னிச்சிருங்க சார். எங்க முதலாளி மகன்னு நெனச்சிட்டேன். வயசாயிடுச்சில்ல, இப்பல்லாம் எனக்கே எல்லாச் சீனாக்காரனும் ஒரே மாதிரி தெரியறான்."

கோட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவரே தோளில் கைபோட்டுக் கின்சாங்கைச் சாப்பாட்டுக் கூடம்வரை கொண்டுவந்து விட்டார். அங்கே தட்டில் நண்டுக்கால் குவிந்திருந்தது. கின்சாங் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அதே பேருந்தில் வந்திருந்த லாவ் அம்மாள் கேட்டதற்குப் பல்வலி என்றார்.

அதே நாள் மாலைக்குள் ரஸலைக் கண்டுபிடித்து, இனிமேல் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. நிலவறையும் இல்லை. மேலங்கியை எடுத்துக் கொடுத்து, கதவையும் திறந்துவிட்டார்களாம். பல மாதம் கழித்து ரஸல் தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான், அவள் இவரிடம் சொன்னாள். முதுகைத் தொட்டதை மட்டும் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அவன் சீட்டாட்டத்தை விட்டான். காப்பீட்டு நிறுவனத்தில், எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் பார்க்கிற வேலையில் சேர்ந்தான். அம்மா இறந்தாள். ஞாயிறு தவறாமல் அப்பாவைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போவான். இருவரும் பனியைப் பற்றியும் எரிவாயுக் கட்டணத்தைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். முன்பின் பழகாத விருந்தாளியோடு பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

இத்தனை வருடமும் கின்சாங்குக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். மாலையில் மாட்டினாலும், அந்த நிமிஷத்தில் மாட்டிக்கொள்ள இருந்த பிள்ளையை, தன்னையே கேலி செய்து காப்பாற்றிவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்தார். படம் அதில் மண்ணைப் போட்டது. எழுத்தாளர் ஒருவர் வந்து ரஸலிடம் கதை கேட்டுப் போனது அவருக்குத் தெரியும். அப்படியானால் ரஸல் சொன்னது இதுதானா? என் அப்பன் வந்து கத்தித்தான் நான் மாட்டினேன் என்றா? அவனுக்கு உண்மை தெரியும், நமக்குத்தான் தெரியவில்லையோ? நம் கை பட்டதால்தான் பிள்ளை பிடிபட்டானோ? அந்த வாரம் முழுக்க அவர் சமைத்த எதிலும் உப்பு சரியாக விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கடையில், மேசை மேசையாகத் தள்ளி வந்த பலகார வண்டியிலிருந்து இறால் கொழுக்கட்டையை எடுத்து வைத்துவிட்டு, ரஸல் எரிவாயுக் கட்டணத்தை ஆரம்பித்தான்.

"படம் பார்த்தேன்" என்றார் கின்சாங்.

ரஸல் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்தான். "யாரோட?"

"லாவ் அம்மாவோட."

"போச்சு. அவங்க பார்த்தா ஊரே பார்த்த மாதிரி."

"அந்த அப்பன் குடிச்சிட்டு வந்து கத்தறான். நான் குடிக்கறது கெடயாதுப்பா."

"அப்பா, அது நீங்க இல்ல."

"வேற யாரு? எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நான் வந்து தொட்டதாலதான் உன்னைப் புடிச்சாங்களா?"

ரஸல் அப்பாவின் கிண்ணத்தில் தேநீரை ஊற்றினான். எப்போதும் மேசையில் தட்டுகிற அவருடைய அந்த இரண்டு விரல்கள் இன்றைக்கு அசையவில்லை.

"இல்லப்பா. மேசையில உக்காந்திருந்தாளே ஜாய்ஸ், அவ போட்டோ வேற கேசினோவுலேர்ந்து இவங்க கைக்கு வந்திருந்தது. நாங்க உள்ள நுழைஞ்சதுலேர்ந்தே மேல கேமராவுல பார்த்துட்டுத்தான் இருந்தாங்க. நீங்க அப்படிப் பேசினதால அந்தக் கோட்டுக்காரன் குழம்பிட்டான். எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கெடச்சுது."

"அப்பறம் ஏன் அந்த எழுத்தாளன்கிட்ட அப்படிச் சொன்ன?"

"அப்படிச் சொல்லல. நடந்ததைத்தான் சொன்னேன். எங்கப்பா வந்தாரு, யாருன்னு கேட்டாங்க, தெரியாதுன்னு சொல்லிட்டேன்னு சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு. படம் எடுக்கறவங்க ஒத்துக்கல. கதாநாயகன் பெத்த அப்பனைத் தெரியாதுன்னு சொன்னா, பார்க்கறவன் அப்பவே எழுந்து போயிடுவானாம். அதனால தப்பைத் தூக்கி அப்பன் மேல போட்டுட்டாங்க. படிச்சுப் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினாங்க. பார்த்தேன். சரின்னு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்."

"ஏன்?"

"எனக்கும் அந்தக் கதை வசதியா இருந்துச்சுப்பா."

பக்கத்து மேசையில் ஒரு குழந்தை கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அழுதது. கின்சாங்குக்குள் ஏதோ ஒரு பாரம் இறங்கிப்போயிற்று. மகன் சொன்ன கடைசி வாக்கியம் அவரைச் சுடவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன்னால் சொன்ன அந்த ஒரு மணி நேரம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு விரலால் மேசையில் தட்டினார்.

"ஒரு மணி நேரமா?" என்றார்.

"குறையாது."

"அந்தக் கோட்டுக்காரன் எப்படிச் சிரிச்சான், பார்த்தியா?"

"பார்த்தேன். சிரிப்பை அடக்கறதுக்கு நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். நீங்க எல்லாம் புரிஞ்சுதான் அப்படிப் பேசினீங்களா?"

"ஒண்ணும் புரியல. நீ தெரியாதுன்னு சொன்ன. சரி, தெரியக் கூடாது போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

ரஸல் ஒரு கொழுக்கட்டையை எடுத்து அப்பாவின் கிண்ணத்தில் வைத்தான். பிறகு சொன்னான். "செவ்வாக்கிழமை நானும் பஸ்ஸுக்கு வரேன்."

"உனக்கென்ன பைத்தியமா? வாசல்லயே புடிச்சிடுவாங்க."

"ஆடப் போறதில்ல. உங்ககூடச் சாப்பிடத்தான்."

செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவன் வந்தே விட்டான். பேருந்தில் லாவ் அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அட, முடி திரும்பக் கறுத்திருச்சே. நல்ல சாயம், தம்பி. எந்தக் கடையில?"

சாப்பாட்டுக் கூடம் திறக்க நேரமிருந்தது. கின்சாங், பிளாக்ஜாக் இல்லாத, தான் வழக்கமாகச் சின்னதாக ஆடுகிற சீட்டு மேசையில் போய் உட்கார்ந்தார். ரஸல் மேலங்கியை வைத்துவிட்டு வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவ்வளவு நேரம்தான் ஆயிற்று; காதில் ஒயர் மாட்டிய காவலாளி ஒருவர், சின்ன வயதுக்காரர், மரியாதையாக ரஸலின் முன் வந்து நின்றார்.

"மிஸ்டர் மோய், உங்களுக்கு இங்க அனுமதி இல்லன்னு தெரியும்ல?"

"தெரியும்."

காவலாளி கின்சாங்கைப் பார்த்தார். இவரை வாராவாரம் பார்க்கிறவர். "சார், இவர உங்களுக்குத் தெரியுமா?"

அடுத்த நொடி, பதினான்கு வருடமாகக் கின்சாங்குக்குள் தயாராக இருந்த பதில் தானாக வெளியே வந்தது. சீட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்.

"தெரியாது. எல்லாச் சீனாக்காரனும்..."

"அவர் என் அப்பா" என்றான் ரஸல்.

சத்தமாகவே சொன்னான். சீட்டுப் போடுகிற பெண் கையை நிறுத்தினாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். ரஸல் அப்பாவின் தோளில் கையை வைத்தான். "மோய் கின்சாங். நான் ரஸல் மோய். எங்கப்பா இவரு."

காவலாளிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் விதி விதிதான். தடை செய்யப்பட்டவரோடு வந்தவரும் அன்றைக்கு வெளியே போக வேண்டும். இருவரையும் வாசல்வரை கொண்டுவந்து விட்டார். ரஸலின் மேலங்கியை மறக்காமல் எடுத்துக் கொடுத்தார். அந்த இடத்து மரியாதை இன்னும் மாறவில்லை.

பேருந்து திரும்பப் புறப்பட மத்தியானம் ஆகும். நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் கனெக்டிகட் காடு, காற்றில் இன்னும் குளிர் மிச்சமிருந்தது. கின்சாங் சட்டைப் பையிலிருந்து கிழிக்கப்படாத சாப்பாட்டுக் கூப்பனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

"இன்னிக்கு நண்டுக்கால் நாளு. இதைச் சாப்பிட்டதுக்கு அப்பறம் சொல்லியிருக்கக் கூடாதா?"

"மன்னிச்சிருங்கப்பா. லாவ் ஆன்ட்டி பையில நாலு போட்டுக்கிட்டு வராமலா இருப்பாங்க."

கின்சாங் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கையை உரசிக்கொண்டிருந்தார். பிறகு காட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆமா, உள்ள அந்தப் பையன்கிட்ட என்னமோ சொன்னியே, என்ன சொன்ன? அந்த இரைச்சல்ல எனக்குச் சரியாக் கேக்கல."

ரஸல் அவர் பக்கம் திரும்பினான். "அவர் என் அப்பான்னு சொன்னேன்."

கின்சாங்குக்கு அது முதல் தடவையே நன்றாகத்தான் கேட்டிருந்தது.